கொடுக்கும் குடும்பம் எப்போது விலகிக்கொள்ள வேண்டும்?

ராக்பெல்லர் அறக்கட்டளை 1913-இல் தொடங்கியது. இன்றும் நடக்கிறது, மூடும் பேச்சே இல்லை. கேட்ஸ் அறக்கட்டளை 2000-இல் தொடங்கியது. 2045 டிசம்பர் 31 அன்று மூடிவிடுவோம் என்று 2025 மே மாதமே அறிவித்துவிட்டது. இரண்டும் ஒரே நாட்டில் பிறந்தவை, ஒன்று எண்ணெய்த் தொழிலிலும் இன்னொன்று மென்பொருள் தொழிலிலும் குவிந்த குடும்பச் சொத்திலிருந்து. இரண்டுமே ஏழை நாடுகளின் உடல்நலத்துக்கும் விவசாயத்துக்கும் பெரிய அளவில் பணம் கொடுத்தவை. ஒன்று காலமெல்லாம் இருக்கப் பார்க்கிறது, இன்னொன்று தனக்கே நாள் குறித்துக்கொண்டிருக்கிறது.

கம்பெனியை விற்றோ, தொழிலில் சம்பாதித்தோ கையில் நல்ல தொகை வைத்திருக்கும் குடும்பங்கள் அறக்கட்டளை பற்றிப் பேசும்போது முதலில் கேட்பது, "எதற்குக் கொடுக்கலாம்? படிப்புக்கா, ஆஸ்பத்திரிக்கா?" என்பதைத்தான். அதற்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குடும்பத்தின் கை அந்தப் பணத்தை விட்டு எப்போது, எந்த ஏற்பாட்டின்படி விலகும்? உலக அளவில் இயங்கும் குடும்ப அறக்கட்டளைகளை வரிசையாகப் பார்த்தால், அவற்றின் பலமும் கோளாறும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலிலிருந்தே வருகின்றன. சொல்லாமல் விட்டவர்களுக்குக் காலமோ, நீதிமன்றமோ பதில் சொல்லியிருக்கிறது.

முதல் வழி, நிரந்தர அறக்கட்டளை. மூலதனத்தைத் தொடாமல் முதலீடு செய்து, அதன் வருமானத்திலிருந்து கொடுப்பது. நம்மூர் டிரஸ்ட்காரர்கள் கார்ப்பஸ் என்று சொல்வது இந்த மூலதனத்தைத்தான். அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளை ஒவ்வொரு வருடமும் தன் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் சுமார் 5 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அலுவலகச் செலவும் சம்பளமும் அந்த 5 சதவீதத்துக்குள்ளேயே வரலாம். மீதி 95 சதவீதம் சந்தையில் இருக்கும். அந்த 95 சதவீதம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். எண்ணெய்ப் பணத்தில் பிறந்த ராக்பெல்லர் அறக்கட்டளை, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு முதலீடுகளிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தது 2020 டிசம்பரில்தான்.

இந்த வழியின் மிகப் பெரிய பாடம் ஃபோர்டு. 1936-இல் எட்செல் ஃபோர்டு கொடுத்த 25,000 டாலரில் மிச்சிகனில் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம்தான் பெரும் சொத்துகளின் மீதான வாரிசு வரியை அமெரிக்கா 70 சதவீதம் வரை உயர்த்தியிருந்தது. குடும்பம் கம்பெனிப் பங்குகளை இரண்டாகப் பிரித்தது. ஓட்டுரிமை உள்ளவை குடும்பத்துக்கு, ஓட்டுரிமை இல்லாதவை அறக்கட்டளைக்கு. எட்செல் 1943-இலும் அவர் அப்பா ஹென்றி 1947-இலும் இறந்தபோது, வரி கட்டுவதற்காகக் கம்பெனியைக் கைமாற்ற வேண்டிய நிலை வரவில்லை. கூடவே, அன்றைய உலகின் மிகப் பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றும் உருவாகியிருந்தது. தர்மமும் வரிக் கணக்கும் ஒன்றாகவே பிறந்தன என்று சொன்னால் தவறில்லை.

அப்புறம் அது குடும்பத்தை விட்டு நகர்ந்தது. 1956-இல் கம்பெனிப் பங்குகளைப் பொதுச் சந்தையில் விற்கத் தொடங்கியது. தொழில்முறை நிர்வாகிகள் வந்தார்கள். கம்பெனியைத் தொடங்கிய ஹென்றியின் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு 1976 இறுதியில் அறங்காவலர் பதவியை விட்டு விலகினார். முதலாளித்துவம் உருவாக்கிய இந்த அமைப்பின் வேலைகளில் அதன் சாயலையே காண முடியவில்லை என்று விலகல் கடிதத்தில் வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு ஃபோர்டு குடும்பத்திலிருந்து ஒருவர் குழுவுக்குள் வந்தது 2019-இல்தான். குடும்பத்தின் கை விலகியது, ஆனால் யாரும் திட்டமிட்டு விலக்கவில்லை. மெல்ல மெல்ல நழுவியது. தாத்தா சம்பாதித்த பணம் தாத்தா நினைத்தே பார்க்காத வேலைகளுக்குப் போவது சில குடும்பங்களுக்குத் துரோகமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுக் காரியத்துக்கென்று வரிவிலக்கோடு ஒதுக்கிய பணம் அந்த நிமிடமே பொதுப் பணம். ஆனால் குடும்பம் அப்படி நினைக்கவில்லை என்றால், நிரந்தர அறக்கட்டளை அவர்களுக்கு ஏற்ற வழி இல்லை.

நிரந்தரத்தின் நல்ல பக்கம் மறுக்க முடியாதது. மஞ்சள் காய்ச்சலுக்கான 17டி தடுப்பு மருந்தை ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆய்வகங்களில் மாக்ஸ் தெய்லர் உருவாக்கினார். 1951-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் ஃபோர்டும் ராக்பெல்லரும் பிலிப்பைன்ஸ் அரசோடு சேர்ந்து லாஸ் பான்யோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தன. ஐ.ஆர். 8 நெல் 1966-இல் வெளியானது. ஐ.ஆர். என்று தொடங்கும் நெல் ரகங்களின் பெயர்களைக் காவிரிப் படுகையில் கேட்காத விவசாயி இருக்க மாட்டார். அந்த 'ஐ.ஆர்.' லாஸ் பான்யோஸிலிருந்து வந்தது. அடுத்த தேர்தலைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத, பத்து இருபது வருடம் பொறுத்திருக்கக்கூடிய பணம் இல்லாமல் இந்த மாதிரி ஆராய்ச்சி நடப்பது கஷ்டம்.

ஆனால் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பணத்தின் மறுபக்கத்தையும் அதே தஞ்சையில்தான் பார்க்கிறோம். ஃபோர்டு அறக்கட்டளை 1952-இல் டெல்லியில் அலுவலகம் திறந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் அலுவலகம் அது. அதன் ஆதரவோடு 1960 வாக்கில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு, பேச்சு வழக்கில் பாக்கேஜ் திட்டத்துக்கு, முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒன்றாக வந்தன. விளைச்சலைக் கூட்டுவது குறிக்கோள். அந்த விளைச்சலில் கூலி விவசாயிக்கு என்ன கிடைக்கும் என்பது திட்டத்தின் மையக் கேள்வியாக இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று அதே தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் பின்னணியில், 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்கு ஒரு அறக்கட்டளையைப் பொறுப்பாக்க மாட்டேன். அது நிலவுடைமையும் சாதியும் செய்த கொலை. நான் சொல்ல வருவது இதுதான்: நியூயார்க்கில் எடுக்கும் முடிவு ஒரு மாவட்டத்தின் விவசாயத்தையே மாற்றும் அளவு பெரிதாக இருந்தபோது, அந்த முடிவைக் கேள்வி கேட்கும் இடத்தில் அந்த மாவட்டத்துக் கூலிக்காரர் யாரும் இல்லை. நிரந்தர அறக்கட்டளையைத் தேர்ந்தெடுப்பவர்கள் அறங்காவலர் குழுவில் பணம் போய்ச் சேரும் நாட்டு ஆட்களை, உண்மையான ஓட்டோடு, உட்கார வைக்க வேண்டும். ஆலோசனைக் குழு என்று தனியாக ஒன்றை வைத்தால் போதாது.

இரண்டாவது வழி, நாள் குறித்துச் செலவழித்து மூடுவது. இதற்கு முன்னோடி சியர்ஸ் கம்பெனியின் ஜூலியஸ் ரோசன்வால்ட். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழ உதவியவர். உள்ளூர் மக்களும் தங்கள் பங்குக்குப் பணமோ உழைப்போ போட வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் நிதி முழுவதும் தீர்ந்துவிட வேண்டும் என்றார். 1932-இல் இறந்தார். 1948-இலேயே நிதியம் மூடப்பட்டுவிட்டது.

உலக அளவில் இதைச் செய்து காட்டியவர் சக் ஃபீனி. விமான நிலையங்களில் டியூட்டி ஃப்ரீ கடைகள் நடத்திச் சம்பாதித்தவர். 1980-களில் தன் பங்குகள் ஏறக்குறைய அனைத்தையும் ரகசியமாக அறக்கட்டளைக்கு மாற்றினார். கடைகள் கைமாறிய சமயத்தில், 1997-இல்தான், இது வெளியே தெரிந்தது. அவருடைய அறக்கட்டளையான அட்லாண்டிக் ஃபிலாந்த்ரபீஸ் அயர்லாந்தின் பல்கலைக்கழகங்கள், வியட்நாமின் ஆஸ்பத்திரிகளும் சுகாதார நிலையங்களும், தென்னாப்பிரிக்காவின் மனித உரிமை அமைப்புகள் என்று சுமார் 800 கோடி டாலர் கொடுத்தது. 2016-இல் கடைசி நிதியை வழங்கி 2020 செப்டம்பரில் கதவைச் சாத்தியது. ஃபீனி 2023-இல் இறந்தபோது அவர் பணம் எல்லாம் வேலை செய்து முடித்திருந்தது. கொடுத்ததன் பலனைக் கொடுத்தவரே கண்ணால் பார்க்க வேண்டும் என்ற அவர் ஆசை எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரு ஒழுக்கமும் இருக்கிறது. தப்பாகப் போனால் அதையும் அவரே பார்க்க வேண்டுமே.

இந்த வழியில் கை விலகும் நாள் காலண்டரிலேயே இருக்கிறது. குடும்பத்தில் யார் அடுத்த தலைவர் என்ற சண்டைக்கு இடமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. பணம் வாங்குபவர்களுக்கு அந்த நாள் பள்ளம். தென்னாப்பிரிக்காவில் சட்ட உதவியும் உரிமைப் பிரச்சாரமும் செய்துவந்த அமைப்புகளுக்கு, அரசை எதிர்த்துப் பேசும் வேலைக்கு யார் அடுத்துப் பணம் கொடுப்பார்கள் என்பது லேசான கேள்வி இல்லை. பள்ளிக் கட்டடத்துக்கு வேறு கொடையாளர் கிடைப்பார். அரசின் மேல் வழக்குப் போடும் வக்கீலின் சம்பளத்துக்குக் கிடைப்பது அரிது.

விலகுவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டு செய்ததற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கேட்ஸ் அறக்கட்டளை 2003-இல் தொடங்கிய ஆவஹன் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஆறு மாநிலங்களில் நடந்தது, தமிழ்நாடு அதில் ஒன்று. இங்கே சென்னை வி.ஹெச்.எஸ். மருத்துவமனையின் கீழ் இயங்கிய தமிழ்நாடு எய்ட்ஸ் இனிஷியேட்டிவ் அதைச் செயல்படுத்தியது. பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், லாரி ஓட்டுநர்கள் என்று அரசு எளிதில் நெருங்க முடியாத மக்களிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு படிப்படியாக அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கைமாறியதில் குறைகள் உண்டு. அறக்கட்டளை தாராளமாகச் செலவழித்த இடத்தில் அரசு தான் நிர்ணயித்த அளவுப்படிதான் செலவழிக்கும். ஆனாலும் ஒப்படைப்பதைத் திட்டத்தின் ஒரு கட்டமாகவே வைத்திருந்தார்கள். அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இப்போது அந்த அறக்கட்டளையே தன்னை மூடப் போகிறது. முதல் 25 ஆண்டுகளில் 10,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அடுத்த 20 ஆண்டுகளில் 20,000 கோடி டாலர் செலவிடப் போவதாகச் சொல்கிறது. முன்பு நிறுவனர்கள் இறந்து 20 ஆண்டு கழித்து மூடுவதாக இருந்த ஏற்பாடு இது. நாளை முன்னால் கொண்டுவந்தது சரி என்பதே என் எண்ணம். அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை வெட்டிய வருடத்தில், 2060-க்கென்று பணத்தைப் பெட்டியில் வைத்திருப்பதை எந்த நாட்டுத் தாயிடமும் நியாயப்படுத்த முடியாது.

மூன்றாவது வழி, அறக்கட்டளையே கம்பெனிக்குச் சொந்தக்காரராக இருப்பது. நமக்கு நன்றாகத் தெரிந்தது டாடா. தம்பி சர் ரத்தன் டாடா 1918-இலும் அண்ணன் சர் தோராப்ஜி 1932-இலும் மறைந்தார்கள். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அவர்கள் சொத்திலிருந்து எழுந்த டிரஸ்டுகளும் சார்ந்தவையும் சேர்ந்து இன்று டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸின் சுமார் 66 சதவீதப் பங்குகளை வைத்திருக்கின்றன. உப்பிலிருந்து சாஃப்ட்வேர் வரை வரும் லாபத்தின் ஒரு பகுதி டிவிடெண்டாக டிரஸ்டுக்கு வந்து, மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை போன்றவற்றை எழுப்பியது. அமெரிக்காவின் ஹார்வர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களுக்கும் டாடா பணம் போயிருக்கிறது.

பணம் வற்றாமல் வருவது இந்த வழியின் பலம். ஆனால் டிரஸ்டிக்கு இரண்டு வேலை வந்துவிடுகிறது, தர்மத்தையும் பார்க்க வேண்டும், கம்பெனியையும் பார்க்க வேண்டும். 2016-இல் சைரஸ் மிஸ்திரியை டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கியபோது எழுந்த வழக்கு 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடுதான் முடிந்தது. டிரஸ்டுகளுக்குக் கம்பெனியில் எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்பதுதான் அந்தச் சண்டையின் அடியில் கிடந்தது.

ஜெர்மனியின் பாஷ் இதற்கு ஒரு தெளிவான விடை வைத்திருக்கிறது. ராபர்ட் பாஷ் அறக்கட்டளையிடம் கம்பெனியின் சுமார் 94 சதவீத மூலதனம் இருக்கிறது, ஆனால் ஓட்டு இல்லை. ஓட்டுகளில் பெரும்பகுதி தொழிலை அறிந்த சிலர் கொண்ட தனி டிரஸ்டிடம் இருக்கிறது. குடும்பத்துக்குச் சிறு பங்கு. லாபம் ஒரு பக்கம், அதிகாரம் இன்னொரு பக்கம். 2022-இல் பட்டகோனியா என்ற அமெரிக்கத் துணிக் கம்பெனியின் ஷுனார்ட் குடும்பம் செய்ததும் ஏறக்குறைய இதுவே. ஓட்டில்லாத 98 சதவீதப் பங்குகள் சுற்றுச்சூழலுக்காக ஓர் அமைப்புக்கு, ஓட்டுள்ள 2 சதவீதம் ஒரு டிரஸ்டுக்கு. குடும்பம் இன்னும் தொழில் நடத்திக்கொண்டிருந்தால் நான் சிபாரிசு செய்வது இந்தப் பிரிவினையைத்தான்.

பிரிக்காமல் எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பேக்கர்டு அறக்கட்டளை சாட்சி. ஹியூலெட்-பேக்கர்டு பங்குகளையே பெரிதும் நம்பியிருந்த அதன் சொத்து, 2000-க்குப் பிந்தைய சரிவில் பாதிக்கும் கீழே போனது. ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. அதே சமயத்தில், அந்தக் கம்பெனி காம்பேக் என்ற கணினிக் கம்பெனியோடு இணைவதை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்ற கம்பெனிச் சண்டையிலும் இறங்க வேண்டி வந்தது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1969 முதல் அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளையும் அதைச் சார்ந்த குடும்பத்தாரும் சேர்ந்து ஒரு கம்பெனியின் ஓட்டுப் பங்குகளில் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்தியாவில் வருமான வரி விலக்கு வேண்டும் டிரஸ்ட் இஷ்டப்படி கம்பெனிப் பங்குகளை வைத்துக்கொள்ள முடியாது. 1973 ஜூன் 1-க்கு முன்பே கார்ப்பஸில் இருந்த பங்குகளுக்குச் சலுகை கிடைத்தது. டாடா வழியை இன்று அப்படியே நடந்து பார்ப்பது, வரிவிலக்கு வேண்டும் குடும்பத்துக்கு ஏறக்குறைய முடியாத காரியம்.

நான்காவதாக ஆகா கான் குடும்பம். இவர்கள் மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பதோடு நிற்பதில்லை, தாங்களே பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஓட்டலும் நடத்துகிறார்கள். இஸ்மாயிலி முஸ்லிம்களின் இமாமாக 1957-இல் 20 வயதில் பொறுப்பேற்ற நான்காம் ஆகா கான், 1967-இல் ஜெனீவாவில் அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று அது ஒரு பெரிய குழுமம். லாபத்துக்கு நடக்கும் செரீனா ஓட்டல்கள் ஒரு பக்கம், 1983-இல் கராச்சியில் தொடங்கிய ஆகா கான் பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். வட பாகிஸ்தானின் கில்கிட் பகுதியில் 1982-இல் தொடங்கிய கிராம ஆதரவுத் திட்டம் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. ஊர்க்காரர்கள் சங்கமாகக் கூடி, சேமித்து, எந்த வாய்க்காலை அல்லது சாலையைப் போடுவது என்று தாங்களே தீர்மானித்தார்கள். பாகிஸ்தானின் மற்ற மாகாணங்களும் அதைப் பார்த்துத் தங்கள் திட்டங்களை அமைத்தன.

இங்கே குடும்பத்தின் கை விலகுவதே இல்லை. 2025 பிப்ரவரியில் அவர் மறைந்ததும் மகன் ரஹீம் ஐந்தாம் ஆகா கான் ஆனார். பரம்பரைத் தலைமைக்குப் பின்னால் ஒரு சமூகத்தின் பக்தியும், காணிக்கையும், தன்னார்வ உழைப்பும் இருப்பதால் இது நிற்கிறது. அந்தப் பின்பலம் இல்லாத சாதாரணப் பணக்காரக் குடும்பம் இதைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது. பள்ளி நடத்துவது வேறு, பள்ளிக்குப் பணம் கொடுப்பது வேறு. நடத்தத் தொடங்கினால் பாதியில் விடவே முடியாது.

நிறுவனம் கட்டியே தீர வேண்டும் என்பவர்களுக்கு ராக்பெல்லர்கள் பெய்ஜிங்கில் செய்ததைச் சொல்வேன். அங்கே யூனியன் மருத்துவக் கல்லூரியை எழுப்பினார்கள். பிறகு 1928-இல், அந்தக் கல்லூரியைக் கவனித்துவந்த சைனா மெடிக்கல் போர்டைத் தனி அமைப்பாக்கி, அதற்கென்று சொந்தக் கார்ப்பஸும் கொடுத்து, அறக்கட்டளையிலிருந்து பிரித்துவிட்டார்கள். 1951-இல் சீன அரசு கல்லூரியை எடுத்துக்கொண்டது. கார்ப்பஸ் தனியே இருந்ததால் அந்த அமைப்பு ஆசியாவின் மற்ற மருத்துவக் கல்லூரிகளுக்கு உதவத் திரும்ப முடிந்தது. கட்டடத்தைத் தருவதோடு அதை நடத்தும் மூலதனத்தையும், முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துத் தருவதே முழுக் கொடை.

கடைசி வழி, அமைப்பே இல்லாமல் நேராகக் கொடுத்துவிடுவது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸின் முன்னாள் மனைவி மெக்கென்சி ஸ்காட் 2020 முதல் 1,900 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார். அவருக்குப் பெரிய அலுவலகம் கிடையாது. அவரது குழு அமைப்புகளை அமைதியாக ஆராய்ந்து, ஒரு நாள் போன் செய்து தொகையைச் சொல்கிறது. எதற்குச் செலவழிப்பது என்பது வாங்குபவர் விருப்பம். இந்தியாவில் கூன்ஜ், ஜன் சாஹஸ் போன்றவை இப்படிப் பெற்றன. கை விலகுவது அந்தக் காசோலையோடே நடந்துவிடுகிறது. தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். புராஜெக்ட் பணத்தில் வாடகை கட்ட முடியாது, கணக்காளருக்குச் சம்பளம் போட முடியாது என்ற தலைவலி இதில் இல்லை. குறை என்னவென்றால், போன் வராதவர்கள் தட்டுவதற்குக் கதவே இல்லாமல் இருந்தது. 2023-இல் முதல் முறையாக விண்ணப்பம் கேட்டபோது 6,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் விண்ணப்பித்தன. 361 அமைப்புகளுக்கு 64 கோடி டாலர் போனது.

இந்த வழிக்கு இந்தியாவில் ஒரு பெரிய தடை இருக்கிறது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு (எஃப்சிஆர்ஏ) 2020-இல் வந்த திருத்தப்படி, வெளிநாட்டுப் பணம் வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்கே வர வேண்டும். எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத சின்னக் கிராம அமைப்புக்குப் பெரிய அமைப்பு வழியாகப் பணம் சேர்க்கும் பாதை இதனால் அடைபட்டது. மதுரைப் பக்கத்தில் ஒரு சின்ன மகளிர் சங்கத்துக்கு உதவ நினைக்கும் நியூஜெர்சிக் குடும்பம் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தச் சங்கத்தின் நல்ல பெயரை மட்டும் இல்லை, அதன் எஃப்சிஆர்ஏ நிலையையும்தான்.

அறக்கட்டளை என்ற வடிவமே வேண்டாம் என்று கம்பெனியாகவே தொடங்குவதும் உண்டு. ஜக்கர்பெர்க்கும் பிரிசில்லா சானும் 2015 டிசம்பரில் அப்படித்தான் செய்தார்கள். 5 சதவீத விதி இல்லை, லாப முதலீடும் செய்யலாம், மனம் மாறினால் பாதையையும் மாற்றலாம். அவர்கள் ஆதரவில் கலிபோர்னியாவில் நடந்த ஓர் இலவசப் பள்ளி, 2026-இல் மூடப்படும் என்று 2025-இல் பெற்றோருக்குத் தெரிந்தது. கொடுப்பவருக்கு இவ்வளவு சுதந்திரம் தரும் வடிவத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும், குடும்பம் உடையும் நாளுக்கும் இடம் வைக்க வேண்டும். லண்டனின் சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மெண்ட் ஃபண்ட் ஃபவுண்டேஷனை 2002-இல் கணவன் மனைவியாகத் தொடங்கிய கிறிஸ் ஹோனும் ஜேமி கூப்பரும் பிரிந்தார்கள். கூப்பர் விலகிக்கொள்ள, அவருடைய புதிய அமைப்புக்கு 36 கோடி டாலர் தருவதாக 2015-இல் பேசி முடித்தார்கள். அது பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 ஜூலையில்தான் தீர்ந்தது. ஏழைக் குழந்தைகளுக்கான பணம், அதற்கு இத்தனை வருட வழக்கு. கேட்ஸ் அறக்கட்டளையின் பில், மெலிண்டா பிரிவில் சண்டை வெளியே வரவில்லை. ஆனால் அதுவரை உலகின் மிகப் பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றை அந்த இருவரும் வாரன் பஃபெட்டும் என மூன்றே பேர்தான் ஆண்டார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. 2021-இல் பஃபெட் விலகினார், 2022-இல் வெளியாட்கள் குழுவுக்குள் வந்தார்கள். மெலிண்டா 2024-இல் 1,250 கோடி டாலரோடு தன் வழியில் போனார். முதலீட்டாளர் ஜார்ஜ் சோரஸின் குடும்பத்தில் தலைமை 2022 டிசம்பரில் மகன் அலெக்ஸுக்குப் போனது. அடுத்த ஆண்டு அவர்களுடைய அறக்கட்டளையான ஓப்பன் சொசைட்டி தன் ஊழியர்களில் குறைந்தது 40 சதவீதம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அப்பாவின் பணம் மகனின் முன்னுரிமைப்படி திரும்புவதை யாரும் தடுக்க முடியாது. அது நம்பி வேலை செய்தவர்களின் தலையில் விடிகிறது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? வருடத்துக்குக் கொடுக்கப்போகும் தொகையில் ஒரு முழுநேர ஆளின் சம்பளம் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்றால், சொந்த அறக்கட்டளையே வேண்டாம். வெளிநாட்டுக்குக் கொடுக்கும் அமெரிக்க அறக்கட்டளை, வாங்குபவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்துக்குச் சமமானவர் என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு நிதிக்கும் பின்தொடர்ந்து அறிக்கை வாங்கியாக வேண்டும். இந்தியாவில் டிரஸ்ட் வைத்து வெளிநாட்டில் செலவழித்தால், அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்க மத்திய நேரடி வரி வாரியத்தின் அனுமதி தேவை. தனி மனிதராக அனுப்பினால் ரிசர்வ் வங்கி விதிப்படி வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை போகலாம். இவ்வளவு காகித வேலையை ஒரு சின்னக் குடும்பம் தூக்கிச் சுமப்பதற்குப் பதில், ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் இரண்டு மூன்று அமைப்புகளுக்கு நிபந்தனை இல்லாமல், ஐந்து வருட வாக்குறுதியோடு கொடுத்தால் போதும்.

கம்பெனியை விற்றுக் கையில் பெரிய ரொக்கம் இருப்பவர்களுக்கு என் தேர்வு நாள் குறித்து மூடுவதுதான், அதிகபட்சம் பிள்ளைகளின் காலம் வரை. பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பொறுப்பைச் சுமத்த வேண்டாம். நிரந்தரம் தேவைப்படுவது ஆராய்ச்சி நிலையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும்தான், அந்தக் கார்ப்பஸ் குடும்பத்தின் பெயரில் இல்லாமல் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும்.

டிரஸ்ட் பத்திரம் எழுதும் வக்கீலிடம் போகும்போது சிலவற்றை முதல் நாளே எழுதச் சொல்லுங்கள். குழுவில் குடும்பத்தார் எப்போதும் பாதிக்குக் குறைவு. யாருக்கும் ஆயுட்காலப் பதவி கிடையாது. விவாகரத்து ஆனால், சண்டை வந்தால் பணம் பிரியாது, ஆள்தான் விலகுவார். பணம் போகும் நாட்டிலிருந்து குறைந்தது இரண்டு பேருக்கு ஓட்டு. மூடும் நாளும், அன்று மிஞ்சும் தொகை யாருக்கு என்பதும். அப்புறம், எந்த அமைப்புக்குக் கொடுப்பதை நிறுத்தினாலும் மூன்று வருடம் முன்னதாகவே எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரு வரி. பல பத்திரங்களில் கொடுப்பவரைக் காப்பாற்றும் வரிகள் பக்கம் பக்கமாக இருக்கும். வாங்குபவரைக் காப்பாற்ற இந்த ஒரு வரியாவது இருக்கட்டும்.